மருந்தா, மாவா?

அத்தியாயம் பதினொன்று

பால் போத்தல்களை ஐஸ் பெட்டிக்குள் அடுக்குவதற்கு முன் காஞ்சனா ஒவ்வொன்றையும் துண்டால் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

“இன்னிக்குக் கொஞ்சம் கூடவே வந்திருக்குக்கா,” என்றாள் ரூபினி. ஆபரேஷன் தையலைக் கையால் அழுத்திப் பிடித்தபடி சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். “மிஸ்ஸிகிட்ட சொல்லு, இதைத்தான் மொதல்ல கொடுக்கணும்னு. பழசை அப்புறமா கொடுக்கட்டும்.”

“சொல்றேன்லா.”

“பாப்பா முழிச்சிருந்தா, அம்மா நாளைக்கு வரேன்னு சொல்லு.”

ஆஸ்பத்திரித் தாதியிடம் எல்லாவற்றையும் சொல்வதாகக் காஞ்சனா தலையை ஆட்டினாள். பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள். ரூபினியின் முகத்தைப் பார்க்காமல் என்னென்ன வேலை செய்ய முடியுமோ அத்தனையையும் இந்த ஒரு வாரமாக அவள் செய்துகொண்டுதான் இருக்கிறாள்.

விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்ள நடந்ததை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பீடோங் தாமான் குடியிருப்பில் இந்த ஒரே கூரையின் கீழ் அண்ணன் தம்பி இரண்டு குடும்பம். அண்ணன் காளிதாசன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன்; அவன் மனைவி காஞ்சனா. தம்பி விக்னேஸ்வரனுக்குக் கூலிமில் தொழிற்சாலை வேலை. அவன் மனைவி ரூபினி. ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையும் என்று நினைக்கிறவர்கள் இந்த வீட்டுக்கு வந்தால் ஏமாந்துபோவார்கள். ஒரு வறுத்த மீன் மிஞ்சினால் இவள் அவளுக்கு எடுத்து வைப்பாள், அவள் இவளுக்கு எடுத்து வைப்பாள், கடைசியில் அதை விக்னேஸ்வரன் தின்றுவிட்டுப் போவான்.

காஞ்சனாவுக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் தவறிப்போயிருந்தன. முதலாவது எட்டாம் மாதம் வயிற்றிலேயே. இரண்டாவது பிறந்து, அழுது, ஒரு பெயர் வைப்பதற்குள். இரண்டு முறையும் ரத்த அழுத்தம்தான் எமனாக வந்தது. மூன்றாவது தங்கியபோது அவள் வாயைத் திறக்கவே இல்லை. கண் பட்டுவிடும் என்று பயம். புருஷனுடைய பெரிய சட்டைகளைப் போட்டுக்கொண்டு ஐந்தாம் மாதம் வரை வயிற்றை மறைத்தாள். கிளினிக் பக்கமும் போகவில்லை. பீடோங்கில் ஒருத்தி கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் போதும், அவள் வீடு திரும்புவதற்குள் பாசார் சந்தையில் மீன் வாங்குகிறவள் வரைக்கும் சேதி போயிருக்கும்.

ரூபினிக்கும் ஏறக்குறைய அதே மாதங்களில் தலைப்பிள்ளை. அவள் சமர்த்தாக நேரத்தோடு போனாள். ரத்தப் பரிசோதனையில் அவளுக்கும் அழுத்தம் ஏற வாய்ப்பு இருப்பதாகத் தெரிந்தது. அதைத் தடுக்க ஒரு புது மாத்திரையைச் சோதிக்கும் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது, அதில் சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாவு. யாருக்கு எது என்று மாத்திரை கொடுக்கிற மிஸ்ஸிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. நான்காம் மாதத்துக்குள் வந்தவர்களுக்கு மட்டும்தான் அதில் இடம். காஞ்சனா தாமதமாகப் போய் நின்றபோது ஆராய்ச்சி மிஸ்ஸி வாசுகி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சிருங்கக்கா” என்றாள்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு ரூபினி தன் மாத்திரையைக் கொண்டுவந்து காஞ்சனாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

“எனக்கு என்ன வந்துடப் போவுது? உனக்குத்தான்க்கா ரெண்டு போயிருக்கு.”

அந்த வீட்டு வழக்கப்படி ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டிருப்பார்கள். மாத்திரையை உடைக்கக் கூடாது என்று வாசுகி கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் ரூபினி முழுசாகவே கொடுத்துவிட்டாள். முதலில் காஞ்சனா மறுத்தாள். அப்புறம் வாங்கிக்கொண்டாள். அதற்கும் அப்புறம், சொல்லவே கூசுகிறது, ரூபினி மறந்துபோன ஒரு நாள் இவளே போய் அவள் கதவைத் தட்டினாள்.

போன வாரம் ரூபினிக்குத் தலை வலித்தது, கண்ணுக்குள் மின்னல் அடித்தது, ஆம்புலன்ஸ் வந்தது. ஏழாம் மாதத்தில் அறுத்து எடுத்த பெண் குழந்தை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. காஞ்சனாவின் வயிற்றில் இருப்பதோ எட்டாம் மாதத்தை எட்டி நன்றாக உதைக்கிறது. இந்த முறை அவளுடைய ரத்த அழுத்தம் ஒருதரம்கூட ஏறவில்லை.

மாத்திரை விஷயம் அந்த இரண்டு பெண்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகள் பிரிவின் வாசலில் மலாய்த் தாதி ஐஸ் பெட்டியை வாங்கிக்கொள்ளவில்லை.

“சூசு தா பாயா டுலு, காக்,” என்றாள். பால் இப்போதைக்கு வேண்டாம். சொல்லிவிட்டுக் கீழே பார்த்தாள். தினமும் சிரித்தபடி பெட்டியை வாங்கிக்கொள்கிற பெண் அவள்.

காஞ்சனாவுக்கு அப்போதே புரிந்துவிட்டது. காரில் கூட்டிவந்து பக்கத்தில் நின்ற விக்னேஸ்வரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“ஏன் அண்ணி, பிரிட்ஜ்ல இடம் இல்லையாமா?”

டாக்டர் தலீலா இருவரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். அலோர் ஸ்டார் தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண். நல்ல தமிழில் பேசினார். அன்றைக்கு அந்தத் தமிழ் புரியாமல் இருந்திருக்கலாம் என்று காஞ்சனாவுக்குத் தோன்றியது.

“பாப்பாவோட குடல்ல ஓட்டை விழுந்துருச்சு. குறைமாசப் பிள்ளைங்க சிலருக்கு இப்படி வரும். ஆபரேஷன் பண்ணலாம்னா அதைத் தாங்குற உடம்பு இல்லை. முடிஞ்ச வரைக்கும் மருந்து கொடுத்துப் பார்த்துட்டோம்.” நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “அம்மாவைக் கூட்டிட்டு வந்துருங்க. நாளைக்கு இல்லை, இப்பவே. பிள்ளையை மடியில வெச்சுக்கட்டும்.”

விக்னேஸ்வரன் அண்ணனுக்குப் போன் போட்டு, “அண்ணே, ரூபினியைக் கூட்டிட்டு வா” என்று மட்டும் சொன்னான். போனை மூடிவிட்டு வெளியே வந்தவனுக்கு எதிரே வாசுகி நின்றாள். செய்தி கேட்டு ஓடி வந்திருந்தாள். பாவம், தப்பான நேரத்தில் எதிரே வந்துவிட்டாள்.

“மிஸ்ஸி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். என் பொண்டாட்டி மாத்திரையை ஒழுங்காத்தானே சாப்பிட்டா?”

“ஒரு நாள்கூட விடலைண்ணே. ஒவ்வொரு தடவையும் காலி போத்தலைத் திருப்பிக் கொடுத்துருவாங்க. ரூபினி மாதிரி சொன்னதைக் கேட்டு நடக்கிறவங்க எங்ககிட்ட யாருமே இல்லை.”

“அப்ப அந்த மாத்திரைதான் என் பிள்ளையைக் கொல்லுது!”

நடைபாதையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“நல்லா இருந்தவளைக் கூப்பிட்டு வெச்சு என்னத்தையோ கொடுத்தீங்க. எங்க பிள்ளைங்கன்னா உங்களுக்கு எலிக்குஞ்சா? பாடாங் மேஹா தோட்டத்துல எங்க சித்தப்பா மவ இராசாத்தியும் இதைத்தானே முழுங்கிக்கிட்டு இருக்கா? அத்தனையும் தூக்கிக் குப்பையில போடச் சொல்றேன். தோட்டத்துல ஒருத்தியும் இனிமே உங்க பக்கம் வரமாட்டா, பாத்துக்கிட்டே இருங்க!”

இராசாத்திக்குப் போன் அடித்தான். அவள் எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். வாசுகி தலையைக் குனிந்துகொண்டு படிக்கட்டுப் பக்கம் போய்விட்டாள்.

காஞ்சனா ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

“மிஸ்ஸி.”

வாசுகி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

“அந்த மாத்திரையை ரூபினி சாப்பிடலை. அஞ்சாம் மாசத்துலேருந்து நான்தான் சாப்பிட்டேன்.”

வாசுகி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று காஞ்சனா எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

“ஐயோ அக்கா,” என்றாள் வாசுகி கடைசியில். “காலி போத்தலைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேனே ஒழிய, யாரு சாப்பிட்டாங்கன்னு கேக்கவே இல்லையே.”

“மிஸ்ஸி, அது மருந்தா, மாவா?”

“எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா.”

“யாருக்குத்தான் தெரியும்?”

“யாருக்கு எதுன்னு எழுதிப் பூட்டி வெச்சிருக்காங்க. ஆராய்ச்சி முடியற வரைக்கும் திறக்கக் கூடாது. அவசரம்னா மட்டும் திறக்கலாம். இது அவசரம்தான்க்கா. உங்க உடம்புல என்ன போச்சுன்னு டாக்டருக்குத் தெரிஞ்சாகணும். நான் இப்பவே போய்ச் சொல்லணும். இன்னிக்கே பதில் வந்துரும்.”

“எனக்குச் சொல்வீங்களா?”

வாசுகி தயங்கினாள். “அது ரூபினி பேர்ல இருக்கிற மாத்திரை. அவங்க கேட்டாத்தான் வாயைத் திறக்கலாம்.”

அவள் போன பிறகு காஞ்சனா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மாவாக இருக்கட்டும் தாயே, வெறும் மாவாக இருக்கட்டும். மாவாக இருந்துவிட்டால் ரூபினி சாப்பிட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். யார் மேலும் பழி இல்லை.

வேண்டிக்கொண்டிருக்கும்போதே வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. மாவாக இருந்தால் இதைக் காப்பாற்ற எதுவும் இல்லை என்றுதானே அர்த்தம்? முதல் பிள்ளை போன மாதம் இதுதான். தன் பிள்ளைக்கு எதிராகத் தானே வேண்டிக்கொண்டு நிற்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வேண்டுதலைப் பாதியில் விட்டுவிட்டாள்.

காளிதாசன் அடுத்த வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய காரில் ரூபினியைக் கொண்டுவந்து சேர்த்தான். சக்கர நாற்காலியில் உள்ளே போகும்போது ரூபினி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. காஞ்சனாவின் கையில் பெட்டி அப்படியே இருப்பதைப் பார்த்தாள். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

கதவு மூடியதும் காளிதாசன் மனைவியிடம் திரும்பினான்.

“நீ இங்க நிக்காதே. பிள்ளைத்தாச்சி சாவு மொகத்தைப் பார்க்கக் கூடாது. சாயங்காலம் கோலா கெடாவுல உன் அம்மா வீட்டுல கொண்டுபோய் விடுறேன். பிள்ளை பொறக்கிற வரைக்கும் அங்கேயே இரு.”

“ரூபினியை விட்டுட்டா?”

“சொன்னதைச் செய்!”

அதட்டல்தான். ஆனால் இரண்டு பிள்ளைகளைத் தன் கையால் மண்ணுக்குள் வைத்த மனுஷன். மூன்றாவதையும் வைக்க அவனுக்குத் தெம்பு இல்லை. அந்தப் பயத்தை அவனுக்கு இப்படித்தான் சொல்லத் தெரியும்.

காஞ்சனா கிளம்பியிருப்பாள். அதற்குள் கதவைத் திறந்துகொண்டு டாக்டர் தலீலா எட்டிப் பார்த்தார்.

“காஞ்சனா யாரு? ரூபினி கூப்பிடுறாங்க.”

காளிதாசன் குறுக்கே கையை நீட்டினான். காஞ்சனா அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு உள்ளே போனாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் பேச்சை அவள் தட்டியது அதுதான் முதல் முறை.

சின்ன அறை. குழாய்களை எல்லாம் எடுத்துவிட்டிருந்தார்கள். விக்னேஸ்வரனால் அங்கே இருக்க முடியவில்லை. எழுந்து வெளியே போய்விட்டான். ரூபினியின் மடியில் மஞ்சள் துணிக்குள் அந்தக் குழந்தை. காலில் கட்டிய பட்டையில் ‘ரூபினியின் குழந்தை’ என்று மட்டும் எழுதியிருந்தது.

“மூக்கு உன் மூக்கு மாதிரி இருக்குக்கா,” என்றாள் ரூபினி.

காஞ்சனா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் காலடியில் சிரமப்பட்டு உட்கார்ந்தாள். வாசுகியிடம் சொன்னதைச் சொன்னாள். பூட்டைத் திறக்கப் போகிறார்கள் என்பதையும், ரூபினி கேட்டால் பதில் சொல்வார்கள் என்பதையும் சொன்னாள்.

ரூபினி குழந்தையின் விரலை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரிய வேணாம்க்கா.”

“ரூபி...”

“மருந்தா இருந்தா, உன் பிள்ளை தவழுறதைப் பார்க்கும்போதெல்லாம் என் வயிறு எரியும். மாவா இருந்தா, நான் உனக்கு ஒண்ணுமே கொடுக்கலைன்னு ஆயிரும். ரெண்டையும் என்னால தாங்க முடியாது.”

காஞ்சனா அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ஒரு வாரமாக அடக்கி வைத்த அழுகை.

“எங்க வீட்டுக்காரருகிட்ட மட்டும் சொல்லிராதே,” என்றாள் ரூபினி. “அந்த மனுஷன் உன்னைத் தெய்வம் மாதிரி நெனைச்சுக்கிட்டு இருக்காரு.” பிறகு துணியோடு குழந்தையை நீட்டினாள். “ஒரு தடவை தூக்கிக்கோக்கா. பெரியம்மா தூக்காமலே போகக் கூடாது.”

கதவுக் கண்ணாடிக்கு வெளியே காளிதாசன் வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினான். காஞ்சனா வாங்கிக்கொண்டாள். எடையே இல்லை. மார்போடு அணைத்தபோது, அவள் வயிற்றுக்குள் இருந்தது ஒரு உதை விட்டது. அந்த உதை மஞ்சள் துணிக்கும் எட்டியிருக்கும். ஒரு பிள்ளைக்கும் இன்னொரு பிள்ளைக்கும் நடுவில் ஒரு தோல்தான் இருந்தது. ஒன்று போகிறது, ஒன்று வருகிறது. இதற்குக் காரணம் தான்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

திருப்பி மடியில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில், தாயின் மடியிலேயே, அந்தக் குழந்தை மூச்சை நிறுத்திக்கொண்டது. டாக்டர் வந்து பார்த்துத் தலையசைக்கும் முன்பே ரூபினிக்குத் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக் கார் நிறுத்துமிடத்தில் வெயிலில் கண் கூசியது. ரூபினியை விக்னேஸ்வரனின் காரில் பின் சீட்டில் உட்காரவைத்து, மஞ்சள் துணியை மடியில் கொடுத்திருந்தார்கள். விக்னேஸ்வரன் காஞ்சனாவிடம் வந்தான். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

“பாடாங் மேஹா தோட்டத்து இடுகாட்டுக்குத்தான் கொண்டுபோறோம் அண்ணி. உங்க ரெண்டு பிள்ளைங்களுக்குப் பக்கத்துலேயே வெச்சுருவோம். தனியா இருக்க வேணாம்.”

காஞ்சனா ஐஸ் பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

அப்போது அவன் போன் அடித்தது. இராசாத்தி.

“ஆமாம்மா, போயிருச்சு,” என்றான். “இராசாத்தி, நான் சொல்றதைக் கேளு. அந்த ஆராய்ச்சி மாத்திரை இருக்குல்ல, அதை இன்னியிலேருந்து தொடாதே. எல்லாத்தையும் தூக்கிப் போடு. உன்கூடச் சேர்ந்த பொண்ணுங்ககிட்டேயும் சொல்லு, அதைத் தின்னுதான் என் பிள்ளை...”

இராசாத்திக்கும் ரத்த அழுத்தம் உண்டு. அந்தத் தோட்டத்துப் பெண்கள் பலருக்கும் உண்டு. காஞ்சனா காருக்குள் பார்த்தாள். ரூபினி வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள்.

“தம்பி, போனை வை,” என்றாள் காஞ்சனா.

“இருங்க அண்ணி...”

“அந்த மாத்திரை மேல குத்தம் இல்லை. உன் பொண்டாட்டி அதைத் தொடர்ந்து சாப்பிடலை. பாதியிலேருந்து எனக்குத்தான் கொடுத்தா. நான்தான் சாப்பிட்டேன்.”

போனுக்குள் இராசாத்தி, “அண்ணே? அண்ணே?” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். விக்னேஸ்வரன் அதை அணைத்தான். காளிதாசன் அப்படியே நின்றுவிட்டான்.

“அது மருந்தா?” என்று கேட்டான் விக்னேஸ்வரன். “அதுல நெசமாவே மருந்து இருந்துச்சா?”

“தெரியாது தம்பி. ரூபினி கேட்டா சொல்வாங்க.”

அவன் காரின் திறந்த கதவுக்குப் போய்க் குனிந்தான். “கேளு. நீ கேளு ரூபி. எனக்குத் தெரியணும்.”

ரூபினி மஞ்சள் துணியை இறுக்கிச் சுற்றினாள்.

வாசுகி அப்போதுதான் வந்தாள். குழந்தையின் தொப்பியையும் சின்னக் காலுறைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். பையை வாங்கிக்கொண்ட ரூபினி, அவள் கையை விடவில்லை. கிட்டே இழுத்து அவள் காதில் ஏதோ சொன்னாள். வாசுகி ஒருமுறை காஞ்சனாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து ரூபினியின் காதில் பதிலுக்கு ஏதோ சொன்னாள். இரண்டு மூன்று வார்த்தைகள்தான் இருக்கும்.

ஆறுதலுக்கும் இரண்டு மூன்று வார்த்தை போதும். மருந்து, மாவு என்று சொல்வதற்கு ஒன்றே போதும்.

காஞ்சனா வழக்கம்போல ரூபினியின் பக்கத்தில் உட்காரக் காரின் மறுபக்கக் கதவைத் திறந்தாள்.

“அக்கா, நீ இந்தக் காடியில வராதே,” என்றாள் ரூபினி. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிள்ளைத்தாச்சி பிணத்தோடு போகக் கூடாது என்ற வழக்கத்துக்காகச் சொன்னாளா? கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அந்த வழக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குழந்தையைக் கையில் கொடுத்தவளே அவள்தான். அப்போது அவளுக்குப் பதில் தெரியாது. இப்போது தெரியுமா, தெரியாதா?

கதவைச் சாத்தியது விக்னேஸ்வரன்; அவனே முன்னால் ஏறி ஓட்டினான். கார் நகர்ந்து, வாசலைத் தாண்டி, பாடாங் மேஹாவுக்கான கூலிம் சாலையில் திரும்பியது. காளிதாசன் இரவல் காரைக் கிளப்பிக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினான். கோலா கெடா அந்தப் பக்கம் இல்லை, எதிர்ப்பக்கம்.

“ஏறு,” என்றான்.

காஞ்சனா ஏறவில்லை. ரூபினியின் பால் இன்னும் அவள் கையில் இருந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.